பங்காளி என்று எழுதிப்போட்ட கடிதம்

போடிநாயக்கனூருக்குப் போகிறேன் என்று சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "அங்க தண்ணி கெடைக்குமா?" என்பதுதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊர் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மணல், அதில் பனை. குடம் தண்ணீருக்குப் பெண்கள் போடும் சண்டையைக் கேட்டுத்தான் நான் தினமும் கண் விழிப்பேன். "மலையடிவாரம்ப்பா, மழைக்குப் பஞ்சமே கிடையாது" என்றேன். "அப்ப ஏலக்காய் கொண்டா" என்றார். எண்பத்தோரு வயதில் அவர் ஏலக்காயைப் பார்த்ததெல்லாம் கிறிஸ்துமஸ் பாயசத்தில்தான். அதுவும் தம்ளருக்கு ஒன்று வந்தால் அதிர்ஷ்டம்.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம் அது. எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அந்தப் பிடி அரிசியைக் கொண்டு எங்கேயாவது தங்கிச் சபை நடத்தும் ஓர் ஊழியரைத் தாங்க வேண்டும் என்று எங்கள் சபைச் சங்கத்துக்கு ஆசை. அந்த நேரத்தில்தான் போடி மலையிலிருந்து எஸ்தர் என்ற பெண்ணின் கடிதம் வந்தது. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவர். முப்பது குடும்பங்கள் கூடி ஜெபிக்கிறோம், ஒரு தோட்டக்காரர் ஏலக்காய் உலர்த்திய தன் பழைய ஸ்டோரைத் தந்திருக்கிறார், வந்து தங்கி எங்களையும் பிள்ளைகளையும் நடத்த ஆள் இல்லை என்று எழுதியிருந்தார். "கர்த்தர் வாசலைத் திறந்திருக்கிறார்" என்று சங்கக் குறிப்பேட்டில் எழுதியவன் நான். சங்கத்தின் செயலாளர் நான்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராகவும் இருந்ததால், என் கடிதத் தமிழுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை ஊரைவிட நான்தான் அதிகமாக நம்பினேன்.

எஸ்தருக்கு நான் எழுதிய பதிலில் ஒரு வரி இப்படி இருந்தது: "உங்களுக்குப் பங்காளிகளாக விரும்பும் நாங்கள், அந்த இடத்தைப் பார்வையிட வருகிறோம்." உறையை ஒட்டுவதற்கு முன் அதை இரண்டு தடவை படித்துச் சந்தோஷப்பட்டேன்.

மதுரையிலிருந்து போடிக்குப் போகும் ரயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு அவசரம் என்பதே தெரியாது. "என்னங்க இவ்வளவு மெதுவா போகுது?" என்று எதிரில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். "ரோட்டுல போற மாட்டுவண்டிக்கு மரியாதை குடுக்குதுண்ணே" என்றார் அவர், சிரிக்காமல். வலது பக்கம் மலை மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது. தேரியில் பிறந்தவனுக்கு மலை என்றால் தூரத்து நீலக் கோடு. இங்கே அது ஊரின் கொல்லைப்புறத்தில் நின்றது.

வரும் நாளைச் சொன்னால் ஸ்டேஷனுக்கு ஆள் வரும் என்று எஸ்தர் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார்; நாளையும் நான் எழுதியிருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு ஊருக்குள் நடந்தேன். தெருவெல்லாம் ஏலக்காய் வாசம். திறந்திருந்த கிட்டங்கிகளில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பெரிய காய், சின்னக் காய் என்று பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு வாசத்துக்கு நடுவே டீ எப்படி இருக்கும் என்ற ஆவலோடு ஒரு கடையில் ஏறி, "ஏலக்காய் டீ ஒண்ணு" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏலக்காயெல்லாம் வடக்க போகுதுண்ணே. ஊருக்குள்ள இஞ்சி டீதான்." எங்கள் ஊரில் கருப்பட்டி காய்ச்சுகிறவன் வீட்டில் சீனி போட்டுக் காபி குடிப்பதை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியும் சாக்குமாக நின்றார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. பின்னால் பதினாறு பேரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணக் கழுத்து திரும்பவில்லை. டிரைவரின் பாதி உடம்பு வெளியே தொங்கியது. "அண்ணே, அந்தக் கம்பியப் புடிச்சுக்கங்க. அது கையோட வந்துருச்சுன்னா எங்கிட்டக் குடுத்துருங்க, தொலைச்சுறாதீக" என்றார்.

கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் சங்கீதம் சொல்ல ஆரம்பித்தேன். ஏழாவது வளைவில் ஜீப் கொதித்து நின்றது. பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஓடையில் தண்ணீர் மொண்டு வந்தார்கள். தினமும் நடக்கிற சங்கதிபோல. பக்கத்தில் நின்ற ஒரு பெண் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு முந்தானையிலிருந்து புகையிலைத் துண்டை எடுத்து நீட்டினார். "தேச்சுக்கங்க. மேல அட்டை கெடக்கு." தேரியில் காலைச் சுடும் மணலுக்குப் பயப்படுவோம். இங்கே கால் குளிர்ந்தால் பயம்.

எல்லைச் சாவடி தாண்டியதும் கேரளம். நான் அதுவரை தமிழ்நாட்டை விட்டு வெளியே கால் வைத்ததில்லை. ஆகவே அதை ஒரு வெளிநாடாகவே பாவித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். வெளிநாட்டில் ஒரு டீக்கடை இருந்தது. "சாரே, கப்பை எடுக்கட்டா?" என்றார் கடைக்காரர். என்னவென்று பார்த்தால் எங்கள் ஊர் மரச்சீனிக் கிழங்கு. போடிப் பெண்கள் அதைக் குச்சிக்கிழங்கு என்றார்கள். இத்தனை கிட்டத்தில் ஒரே கிழங்குக்கு மூன்று பெயர் என்று வியந்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கிழங்குக்கு யோசித்தவன் என் கடிதத்துக்கும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. எஸ்தருக்கு நாற்பது வயது இருக்கும். சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார். காய் எடுத்து எடுத்து விரல்களில் கறை ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"வந்துட்டீகளா?" என்றார். "வர வேணாம்னு கார்டு போட்டனே, கெடைக்கலையா?"

கிடைக்கவில்லை. நான் மதுரையில் ரயில் ஏறிய நேரத்தில் அந்தக் கார்டு எங்கள் ஊர்த் தபால்காரர் பையில் இருந்திருக்கும்.

ஒற்றையடிப் பாதையில் என்னை அழைத்துப் போனார். ஏலச்செடிகளுக்கு நடுவே கற்சுவர் வைத்த ஒரு கட்டடம். தகரக் கூரை. கதவில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. அதுதான் அவர்கள் கூடி ஜெபித்த ஸ்டோர்.

"யார் பூட்டினது?"

"ராசிங்காபுரத்துப் பொன்னுச்சாமி அண்ணே. ஸ்டோரு அவருதுதான். ஆனா பூட்ட வச்சது நீங்க, சார்."

ஸ்டோரின் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபடியே சொன்னார். பொன்னுச்சாமி மலைக்குக் கீழே ராசிங்காபுரத்து விவசாயி, இந்து. மலையில் அவருக்குச் சின்ன ஏலத்தோட்டம். காயைப் பச்சையாகவே விற்க ஆரம்பித்த பிறகு இந்த ஸ்டோர் சும்மா கிடந்தது. சாமி கும்பிடத்தானே கேட்கிறீர்கள், கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருக்கிறார். என் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, எஸ்தர் அதைச் சபையில் சத்தமாக வாசித்திருக்கிறார். மழைக்காக இதே தாழ்வாரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பொன்னுச்சாமி.

"பங்காளின்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தீகள்ல? அதக் கேட்டாரு. எந்திரிச்சாரு. 'பங்காளி எடத்தப் பாக்க வர்றானா?'ன்னாரு. மறுநா பூட்டு தொங்குது."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. எங்கள் பக்கம் தகப்பன் வழிச் சொந்தக்காரரைச் சொக்காரர் என்போம். பங்காளி என்பது எங்களுக்குக் கோயிலில் மட்டும் கேட்கிற சொல். பாடுகளில் பங்காளி, ஊழியத்தில் பங்காளி என்று பிரசங்கத்தில் வரும். இந்த ஊரிலோ பங்காளி என்றால் சொத்தில் பங்கு கேட்டு வருகிறவன் என்று எஸ்தர்தான் விளக்கினார். அண்ணன் மகன், தம்பி மகன், கோர்ட்டு, வாய்தா. பொன்னுச்சாமிக்கும் அவருடைய அண்ணன் மக்களுக்கும் இதே மலைத் தோட்டத்துக்காகப் பதினோரு வருடமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது.

கர்த்தர் வாசலைத் திறந்தார் என்று குறிப்பேட்டில் எழுதிய அதே பேனாவால் அந்த வாசலைப் பூட்டியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. தமிழ் வாத்தியார் என்று யாரும் அங்கே சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன்.

"இப்ப எங்க கூடுறீங்க?" என்றேன்.

"எங்க வாசல்லதான். பாதிப் பேரு நனையிறாக."

"அப்போ கர்த்தருடைய நோக்கம் இது இல்லையோ என்னமோ. நாங்க வேற இடம் பார்க்கணுமோ" என்று இழுத்தேன்.

எஸ்தர் கொங்காணியைக் கழற்றி உதறினார். "சார், காலையில பெரட்டுல வரிசையா நிறுத்திப் பேரு வாசிக்கிற வரைக்கும் இன்னிக்கி எந்தக் காட்டுல கா எடுக்கப் போறோம்னு எங்களுக்குத் தெரியாது. தெரியலங்கிறதுக்காக யாராச்சும் வீட்ல படுத்துக்கிர்றமா? கூடையத் தூக்கிட்டுப் போயி நிக்கிறோம்ல? கர்த்தரு பேரு வாசிக்கட்டும். நாளைக்கி ராசிங்காபுரம் போவோம்." என் கடிதத்தைச் சபையில் வாசித்தபோது பங்காளி என்ற வார்த்தை அவருக்கே துணுக்கென்றிருந்ததாம். "சாமி காரியத்துல எழுதியிருக்கீக, வேற அர்த்தமா இருக்கும்னு வாசிச்சுட்டேன்" என்றார்.

மறுநாள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு எஸ்தர் என்னோடு இறங்கினார். ஜீப்பில் யாரோ ஒருவர் தேவாரம் என்ற ஊர்ப் பக்கம் யானை இறங்கியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஆனால் குறிப்பேட்டை எடுக்கவில்லை. பொன்னுச்சாமியிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

பொன்னுச்சாமிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் யாரென்று தெரிந்தும், "மொதல்ல சாப்புடுங்க" என்றார். அவர் மனைவி கம்பங்கூழும் மோர் மிளகாயும் கொண்டுவந்து வைத்தார். பகையாளி என்று நினைக்கிறவனுக்கும் சோறு போட்ட பிறகுதான் பேச்சு. எங்கள் ஊரில் இந்த மரியாதை உண்டா என்று யோசித்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு, என் தமிழ்தான் தப்பு என்று ஒத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். பிடி அரிசியைப் பற்றிச் சொன்னேன். ஓர் ஊழியர் வந்து தங்க அந்த ஸ்டோரைத் தந்தால் போதும், மண்ணிலோ சுவரிலோ எங்களுக்கு ஒரு உரிமையும் வேண்டாம் என்றேன்.

"நீங்க பனங்காட்டுக்காரவுக" என்றார். "பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்து வெட்டணும்னு கேள்விப்பட்டிருப்பீகளே."

"கேட்டிருக்கேன். பனங்காய் மட்டும்தான் தெரியும்."

அவர் உதடு லேசாகச் சிரிக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். "எங்கண்ணன் மகனும் சும்மா எடத்தப் பாத்துட்டுப் போறேன்னுதான் மொதல்ல வந்தான். தேவாரத்துல யானை வந்து திங்குது. அது தின்னது போக மிச்சம் கெடக்கும். பங்காளி தின்னா மண்ணு கூட மிஞ்சாது. சரி, நீங்க சொல்ற பங்காளிக்கு என்னதான் சோலி?"

"சுக துக்கத்துல கூட நிக்கிறதுங்க."

"எல்லாப் பயலும் அதத்தான் சொல்றான். எங்க வழக்கத்துல பங்காளிக்கு ரெண்டு சோலி. கோர்ட்டுல எதுத்தாப்ல நிக்கணும். எழவு விழுந்தா கூட நின்னு முடி எடுக்கணும். மொதச் சோலிய நல்லாச் செய்யிறாக. எங்கய்யா செத்தப்ப ரெண்டாவது சோலிக்கு ஒருத்தன் வரல. அடுத்த தெருவுலதான் இருந்தாய்ங்க. நான் ஒத்த ஆளு மொட்டத் தலையோட நின்னேன்." கடலையைக் காலால் தள்ளிப் பரப்பினார். "நீங்க முடி எடுப்பீகளா?"

பொய் சொல்ல நா வரவில்லை. "எங்க சபையில அந்த வழக்கம் இல்லீங்க" என்றேன். எஸ்தர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"அப்ப பங்காளி இல்ல" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பக்கம் திரும்பிவிட்டார். ஸ்டோரைப் பற்றி, தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது, வந்ததற்கு ஏலக்காயாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று, எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டேன். வயதான அப்பா கேட்டார் என்றேன். உள்ளே போய் ஒரு கை நிறையக் கொண்டுவந்து என் துண்டில் கொட்டினார். "கடையில கேக்காதீக. உங்கய்யாவுக்கு நான் குடுத்ததாச் சொல்லுங்க. பேரு என்ன?" என் முகவரியைக் கேட்காதவர், அப்பாவின் பெயரைக் கேட்டுக்கொண்டார்.

சங்கத்தில் நடந்ததைச் சொன்னேன். என் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன், அது சுலபமாக இல்லை. அதற்குள் பெண்கள் பிடி அரிசிப் பானைகளில் சுண்ணாம்பால் "போடி" என்று எழுதியிருந்தார்கள், மற்ற பானைகளோடு கலந்துவிடாமல் இருக்க. மாமியார் மருமகளைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஊரே சிரித்தது. மாதங்கள் போயின. எஸ்தரின் கடிதங்களில் ஸ்டோர் பூட்டியே இருந்தது. அரிசியை வேறு இடத்துக்குத் திருப்பலாம் என்று ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். சங்கத்தின் தலைவி அன்னம்மாள்தான், "எழுதினது எழுதினதுதான். பானையை அழிக்க எனக்கு மனசில்லை" என்று முடித்துவிட்டார். நான் முழு மனதோடு நம்பினேன் என்று சொன்னால் அது பொய். எஸ்தரும் அன்னம்மாளும் நம்பினார்கள். நான் அவர்கள் பின்னால் போனேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வருவார். பிரசங்கம் முடிகிறவரை மெல்லுவார். "மலைக்காரன் சௌக்கியமா?" என்று என்னிடம் கேட்பார், நானும் பொன்னுச்சாமியும் தினமும் பேசிக்கொள்வதுபோல. அடுத்த வைகாசியில் அவர் போனபோது டப்பாவில் மூன்று காய் மிச்சமிருந்தது.

அந்த மூன்று காயைப் பார்த்துவிட்டுத்தான் பொன்னுச்சாமிக்கு ஒரு கார்டு எழுதினேன். எங்கள் வழக்கப்படி "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று ஆரம்பித்து, கார்டைக் கிழித்துப் போட்டேன். தூங்குகிறவரைப் பற்றி ஏன் கார்டு போட்டான் என்று அவர் கேட்டால் என்ன செய்வது? வேறு கார்டு எடுத்து, "நீங்கள் ஏலக்காய் கொடுத்தனுப்பிய என் அப்பா இறந்துவிட்டார். கடைசி வரை உங்களை விசாரித்தார்" என்று எழுதினேன். ஸ்டோரைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள், வாசல் பந்தலில் ஜெபத்துக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டியும் புது மொட்டையுமாக ஒருவர் மணலில் கால் புதைய நடந்து வந்தார். திருச்செந்தூருக்கு வழி தவறி வந்த பக்தர் என்று நினைத்து, யாரோ எழுந்து போய் பஸ் நிறுத்தத்தைக் காட்டினார்கள். அவர் கையை விலக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தார். கிட்டே வந்த பிறகுதான் எனக்கு ஆள் தெரிந்தது.

"என்னங்க இது?" என்றேன், அவர் தலையைப் பார்த்து.

"பங்காளி வீட்டு எழவு. உங்கய்யா எனக்கு மூத்தவரு. முடி எடுக்காம எப்புடி வர்றது?" என்றார் பொன்னுச்சாமி.

"பங்காளி இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். நீங்க எழவுச் சேதி, துட்டி சொல்லி விட்டுட்டீகளே வாத்தியாரே. எங்கய்யா செத்தப்ப எங்க பங்காளிகளுக்கு நான் சொல்லி விட்டேன், ஒருத்தன் வரல. நீங்க எனக்குச் சொல்லி விட்டீக. வராம இருந்தா, அவய்ங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?" என் தலையைப் பார்த்தார். எண்ணெய் வைத்து வாரியிருந்தேன். "நீங்க எடுக்கலையாக்கும். சரி, ஒங்க வழக்கம் ஒங்களுக்கு."

நான் என் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். அன்னம்மாள்தான் பாயை விரித்து அவரை உட்கார வைத்தார். பாட்டும் ஜெபமும் முடிகிறவரை அசையாமல் இருந்தார். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அந்தப் பூட்டின் சாவி இருந்தது. "ஆள அனுப்புங்க. மழை பிடிக்கிறதுக்குள்ள வரச் சொல்லுங்க, தகரம் மாத்தணும்" என்று என் கையில் வைத்தார்.

அன்றைக்கு நான் அழுததை ஊரே பார்த்தது. அப்பாவுக்குப் பிள்ளைகள் மூன்று பேர், பேரன்கள் ஒன்பது பேர். அவருக்காக மொட்டை போட்டுக்கொண்டவர் ராசிங்காபுரத்துப் பொன்னுச்சாமி ஒருவர்தான்.